விட்டுக்கொடுக்காத நாத்தனார்

சொப்புச் சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற ஒரே ஆளை நான் புகுந்த வீட்டில்தான் கண்டேன்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது இருக்கும். மாங்காட்டுக் கோயில் வாசல் கடையில் வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் சொப்புகளை வாசலில் பரப்பி, செங்கல் பொடியை மிளகாய்த்தூளாகவும் வேப்பிலையைக் கறிவேப்பிலையாகவும் போட்டுச் சமைப்பாள். போகிற வருகிற பெரியவர்களை எல்லாம் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கரண்டி கொடுப்பாள். நாங்கள் எல்லாரும் செய்கிறதைத்தான் செய்வோம். சப்புக்கொட்டி, கண்ணை மூடி, ஆஹா என்போம். என் நாத்தனார் மட்டும் கம்பெனியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குட்டிக் கரண்டியை உதட்டில் வைத்து யோசிப்பார்.

"உப்பு பத்தல."

பிள்ளை பதறிப்போய் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுக் கிண்டிக்கொண்டு வந்தால், இப்போது கரிக்கிறது என்பார். தண்ணீர் ஊற்றிக் கொண்டு வந்தால் நீர்த்துப் போச்சு என்பார். அவள் முகம் சிவந்து, அடுப்பை மறுபடி மூட்டி, முதலிலிருந்து சமைத்துக் கொண்டு வந்து நீட்டினால், இன்னொரு தரம் யோசித்துவிட்டு, "ம், தேவல" என்பார். அந்த ஒரு தேவலைக்காக என் மகள் எங்கள் ஆஹாக்களை எல்லாம் காலால் மிதித்துக்கொண்டு தெருவில் ஓடுவாள்.

நான் சமைப்பதையும் அவர் அதே உதட்டில் வைத்துத்தான் சொல்வார். எனக்கு வாழ்க்கையில் ஒரு தேவலைகூடக் கிடைக்கவில்லை. அதனால் பிள்ளை மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு அவர் அக்கா. கள்ளிக்குப்பத்தில் எங்கள் வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அத்தை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபேனுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற வேலை. கட்டிக்கொண்டவர் ஆவடிப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் போன பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கேரம் போர்டுமாகத் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் மாமியார் மாமனார் முன்னால் தாயம் ஆடியிருக்கிறார்கள். புதுப்பெண் என்றால் வெட்கப்பட்டு ஒரு ஆட்டமாவது தோற்க வேண்டாமா? இவர் அந்த மனுஷனுடைய காய்களை ஒன்று விடாமல் வெட்டி, வெட்டிய காய்களைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டாராம். இதற்காகவா ஒருவன் விட்டுப் போவான் என்றால் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இன்னொருத்திக்கு எந்த விளையாட்டும் ஆடத் தெரியாது என்பதை மட்டும் நான் விசாரித்து வைத்திருக்கிறேன்.

மாங்காட்டிலேயே இன்னொரு தடவை என் நாத்தனார் தண்ணி கேம் ஒன்று வாங்கினார். இப்போது அதெல்லாம் காணவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே தண்ணீர். அடியில் இருக்கும் பட்டனை அமுக்கினால் குட்டிக் குட்டி வளையங்கள் மீன்குஞ்சு மாதிரி மேலே எழும்பி மெல்ல இறங்கும். உள்ளே நிற்கிற குச்சிகளில் அவற்றை மாட்டிவிட வேண்டும். பிள்ளைக்கென்று வாங்கியதுதான். பஸ்ஸில் ஏறியதும், எப்படி ஆடுவதென்று காட்டுகிறேன் என்று கையில் வாங்கினார். அதோடு சரி. பிள்ளை அழுதது. கண்டக்டர் டிக்கெட் கேட்டார். குமணன்சாவடி வந்தது. நாங்கள் இறங்கி பஸ் மாற வேண்டிய இடம். நான் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இரு, இன்னும் ரெண்டு வளையந்தான் கீது" என்றார்.

பஸ் பூந்தமல்லி போய் நின்று, டிரைவர் டீ குடிக்க இறங்கின பிறகுதான் கடைசி வளையம் மாட்டியது. அப்போது நிமிர்ந்து, இந்தா நீ ஆடு என்று பிள்ளையிடம் நீட்டினார். பிள்ளை என் மடியில் தூங்கிப்போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

பிள்ளைகளோடு ஆடும்போது பெரியவர்கள் கொஞ்சம் ஏமாந்த மாதிரி நடிக்க வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. தானாக வருகிறது. அவருக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கேரம் போர்டில் சிவப்புக் காயான ரெட்டைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயைப் போட முடியாமல் தவிக்கும்போது, நாமாக இருந்தால் அந்தக் காயைக் குழி ஓரமாக நகர்த்திவிடுவோம். இவர் ரெட்டைத் திரும்ப எடுத்து நடுவில் வைத்துவிட்டு, அடுத்த கையிலேயே தான் போட்டு ஃபாலோவும் போட்டுவிடுவார். பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவான். அவன் அம்மா அழாமல் எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்து அவரிடம் சண்டை போடமாட்டாள், பயம். என்னிடம்தான் போடுவாள்.

"பச்சப் புள்ளையாண்ட போயி வீம்பு காட்டுதே உங்க நாத்தனாரு, நீ கேக்கமாட்டியா?"

கேட்கிறேன் என்பேன். கேட்கமாட்டேன். நான் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டாமா?

கடைசியில் தெருவில் எல்லா அம்மாக்களும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி, அத்தையோடு ஆடப் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். கோலி, கேரம், பாம்புக் கட்டம் எதற்கும் யாரும் வரவில்லை. சாயங்காலம் அவர் கேரம் போர்டைத் துடைத்து, பவுடர் போட்டு, காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பார். எதிரில் உட்கார மிச்சம் இருந்த ஆள் என் மகள் ஒருத்திதான்.

இதற்கு நடுவில் கம்பெனியில் நடந்த நாற்காலிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு எஸ்டேட்டில் கம்பெனிக்குக் கம்பெனி மிஷினுக்குப் பொட்டு வைத்து, வாழைமரம் கட்டி, குடும்பத்தோடு வரச்சொல்லி, பொரியும் ஸ்வீட்டும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த வருஷம் பெண்களுக்கு மியூசிக்கல் சேர் வைத்தார்கள். முதலாளியம்மாவும் ஆசையாக வந்து சுற்றினார்கள். வேலை செய்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாக, நாற்காலி தெரியாத மாதிரி, புடவை தடுக்கின மாதிரி விலகிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் ஒரே நாற்காலி. சுற்றுவது முதலாளியம்மாவும் என் நாத்தனாரும். கூட்டத்தில் சூப்பர்வைசர் இவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறார். என் வீட்டுக்காரர் கையைக் காட்டுகிறார். நான் குலதெய்வத்தைக் கூப்பிடுகிறேன். பாட்டு நின்றது. முதலாளியம்மா நிதானமாகத் திரும்பி உட்காரப் போனால், அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

வழியெல்லாம் என் வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே வந்தார். என் நாத்தனார் பரிசாக வந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தார்.

"பாட்டு நின்னுச்சு, குந்திட்டேன். இதுல இன்னா கீது?" என்றார்.

அடுத்த வாரமே உட்கார்ந்து காயில் சுற்றுகிற இடத்திலிருந்து நின்றுகொண்டே அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததற்கு அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் நிற்க வைத்தார்கள். சாயங்காலம் வீங்கின காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது கேட்டேன், ஏன் அண்ணி, அந்த அம்மா உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று. வெந்நீர் ஆறிவிட்டது, இன்னும் கொஞ்சம் ஊற்று என்றார். அவ்வளவுதான் பதில்.

என் மகளுக்குச் சின்னதிலிருந்தே இழுப்பு. எஸ்டேட்டுப் புகையா, பிறவியா, எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பத்தடி ஓடினால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். அதனால் தெருப்பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடும்போது அவளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆட்டத்தில் இருக்கலாம், நிற்கலாம், கத்தலாம். ஆனால் அவளை யார் தொட்டாலும் அவுட் கிடையாது. அவள் யாரைத் தொட்டாலும் அதுவும் கணக்கில்லை. ஆசைக்கு நிற்கிறாள், அவ்வளவுதான். பிள்ளைகள் மேல் தப்புச் சொல்ல முடியாது. நாங்கள்தான் அப்படிச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருந்தோம்.

ரொம்ப நாள் அவள், தான் கெட்டிக்காரி, அதனால்தான் அவுட்டே ஆவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் உள்ளே வந்து, சோறு வடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, என்னைத் தொட்டுட்டான். ஏன் அவுட்டு சொல்லல?"

"நீ வேகமா ஓடிகினு இருந்திருப்ப, தெரிஞ்சிருக்காது."

"நான் ஓடவே இல்ல. சும்மா நின்னுகினுதான் இருந்தேன்."

நான் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பின்பக்கம் போனாள். அங்கே அத்தை துணி பிழிந்துகொண்டிருந்தார். அதே கேள்வியை அவரிடமும் கேட்டிருக்கிறாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டார், மேலே கை பட்டதா என்று. பட்டது என்றாள்.

"அப்ப நீ அவுட்டு. போயி மூஞ்சி கழுவிகினு வா, தாயம் ஆடலாம்."

என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏதோ பரிசு வாங்கின மாதிரி போய் முகம் கழுவினாள்.

இதை வைத்து என் நாத்தனாருக்குப் பெரிய மனசு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்ற யோசனையெல்லாம் அவருக்குக் கிடையாது. தோற்கப் பிடிக்காது. அவ்வளவுதான். ஆனால் அவரோடு ஆடும்போது மட்டும் என் மகள் காய் வெட்டுப்பட்டது, மூச்சு வாங்க அழுதாள், மறுபடி தாயம் போட்டாள். ஊர் பூராவும் அவளை ஜெயிக்க வைத்துக்கொண்டிருந்தது. தோற்பதற்கு அவளுக்கு இருந்தது அந்த ஒரு இடம்தான்.

அப்புறம் டிவி கேம் வந்தது. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் டெக்கும் படக் கேசட்டும் வாடகைக்கு விடுகிற கடையில், அதையும் ஒருநாள் வாடகைக்குத் தர ஆரம்பித்தார்கள். ரேஷன் கார்டை அடையாளத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் கடைக்காரத் தம்பியே பெட்டியைக் கொண்டு வந்து டிவியில் மாட்டிக் கொடுத்து, சாயங்காலம் வந்து கழற்றிக்கொண்டு போவான். அரைப் பரீட்சை லீவில் பிள்ளைக்கு இழுப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருந்தாள். அவள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கிற நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஓட்டப் பந்தய கேசட். டிவிக்குள் இரண்டு பேர், ஒருவன் சிவப்பு பனியன், ஒருவன் நீல பனியன். கையில் ஆளுக்கு ஒரு ரிமோட். அதில் ஒரு பட்டனைக் கட்டை விரலால் விடாமல் தட்டினால் ஓடுவான். இன்னொன்றைத் தட்டினால் வழியில் இருக்கிற தடுப்பைத் தாண்டுவான். தட்டுகிற வேகம்தான் ஓட்டம். முதலில் படம் வரவில்லை, வெறும் பூச்சி பறந்தது. கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மாட்ட வேண்டும் என்றான் தம்பி. என் வீட்டுக்காரர் ஊத வாங்கினார். நான்தான் ஊதுவேன் என்று பிள்ளை பிடுங்கிக்கொண்டாள். இருக்கிற கொஞ்ச மூச்சையும் சேர்த்து விசிலோடு ஊதினாள். படம் வந்தது. சிவப்பு பனியன்காரன் கோட்டில் குனிந்து நின்றான். அதுதான் நான் என்றாள்.

முதலில் அப்பாவோடு ஆடினாள். அவர் தடுப்புக்குத் தடுப்பு போய் முட்டிக்கொண்டு ஐயோ போச்சே, ஐயோ போச்சே என்று கத்தினார். அடுத்து என்னோடு. நான் வேண்டுமென்று தோற்கவில்லை, எந்த ஆள் என்னுடையவன் என்பதே எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. அவள் எங்கள் இரண்டு பேரையும் எழுந்து போகச் சொல்லிவிட்டு, மாவு ஆட்டிக்கொண்டிருந்த அத்தையைக் கூப்பிட்டாள். அவர் கை கழுவி, துடைத்து, வந்து உட்கார்ந்தார். எந்தப் பட்டன் எதற்கு என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

காயில் சுற்றின விரல். கட்டை விரல் ஆடுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. நீல பனியன்காரன் டிவியை விட்டு வெளியே குதித்துவிடுகிற மாதிரி ஓடினான். பிள்ளை தோற்றாள். இன்னொரு ஆட்டம் என்றாள். தோற்றாள். மத்தியானம் வரை தோற்றுக்கொண்டே இருந்தாள். நெஞ்சில் விசில் கேட்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. அக்காவைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார். நான் அடுப்படியில்தான் இருந்தேன்.

"அக்கா, ஒரே ஒரு தபா உட்டுக் குடேன்."

"எதுக்கு?"

"கொயந்த இப்பதான் ஆஸ்பத்திரிலேந்து வந்துகீது. மூச்சு பாரு, எப்பிடி இஸ்துகினு கீது."

"மூச்சு வாங்குனா மருந்து குடு. அதுக்கு நான் எதுக்குத் தோக்கணும்?"

என் வீட்டுக்காரர் பிள்ளை இருக்கிற பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உனுக்குன்னு ஒரு புள்ள இருந்தா தெரியும்."

நான் சாம்பாரைக் கிண்டுவதை நிறுத்திவிட்டேன். என் நாத்தனார் தம்பியைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அப்படித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரம் இல்லாத கையை மறுபடியும் புடவையில் துடைத்துக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்தார்.

அந்த ஆட்டத்தில் நீல பனியன்காரன் முதல் தடுப்பிலேயே விழுந்தான். எழுந்து கொஞ்சம் ஓடி மறுபடி விழுந்தான். சிவப்பு பனியன்காரன் கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கினான். டிவியில் பாட்டு வந்தது. என் வீட்டுக்காரர் கைதட்டினார். ஜெயிச்சிட்டா என் பொண்ணு என்றார்.

பிள்ளை டிவியைப் பார்க்கவில்லை. அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, உன் கட்ட வெரலு ஆடவே இல்ல."

ஜெயித்துப் பழகின அந்த முகத்துக்குத் தோற்ற மாதிரி நடிக்கத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"நீயும் ஒப்புக்குத்தான் ஆடுனியா?"

கேட்டுவிட்டுக் கையில் இருந்த ரிமோட்டைத் தரையில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். போய்ப் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்றைக்குச் சாப்பிடவில்லை. கடைக்காரத் தம்பி வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயிச்சியேம்மா, ஜெயிச்சியேம்மா என்று என் வீட்டுக்காரர் பாய் ஓரத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளைகளுக்கு எதுவும் சீக்கிரம் புரிவதில்லை.

அந்த வாரம் எங்கள் வீடு வீடாக இல்லை. பிள்ளை அத்தையோடு பேசுவாள், தண்ணீர் கொடு, சீப்பு கொடு என்று. ஆட மட்டும் வரமாட்டாள். அவர் தாயக்கட்டையை உருட்டி உருட்டிக் காட்டுவார். அப்பாகூட ஆடு என்பாள். சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து கேரம் போர்டை எடுத்து வைத்து, வலது கையால் ஒரு தடவை, இடது கையால் ஒரு தடவை என்று அவர் தனியாக ஆடினார். அப்போதும் இடது கைக்கு அவர் விட்டுக்கொடுத்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் காயை அடிக்கிற சத்தத்தில் பழைய கோபம் இல்லை. தெருவே கைவிட்டபோது வராத ஒரு வாட்டம், இந்த ஒரு பிள்ளை எதிரில் உட்காராததால் அவர் முகத்தில் வந்திருந்தது. தம்பியோடு அவர் பேசவே இல்லை. என் வீட்டுக்காரர் அக்காவின் தட்டில் ஒரு அப்பளம் கூடுதலாக வைத்துப் பார்த்தார். அப்பளம் அப்படியே கிடந்தது.

சனிக்கிழமை என் நாத்தனார் கம்பெனிக்கு லீவு போட்டார். அவர் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. காலையில் எங்கோ போனவர், முந்தானையால் மூடி இடுப்பில் எதையோ தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே கடைக்காரத் தம்பி ஒயரோடு ஓடி வந்தான். சாமி படத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் ரேஷன் கார்டு கடைக்குப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கு ரேஷனில் சீமெண்ணெய் ஊற்றுகிற நாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பெட்டியை மாட்டிவிட்டுத் தம்பி போனான். அவர் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையைக் கூப்பிட்டார்.

"வா, குந்து."

"நீ உட்டுக் குடுப்ப."

"உங்கப்பன் கேட்டான், செஞ்சேன். தப்பு. இனிமே எவன் கேட்டாலும் கெடையாது."

பிள்ளை கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்டின்னா கட்ட வெரல மேல வெச்சிகினு ஆடு. எனுக்குத் தெரியணும்."

அவர் விரலை எடுத்து அவள் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டார். பிள்ளை உட்கார்ந்தாள்.

முதல் ஆட்டத்தில் நீல பனியன்காரன் பாதி தூரம் முன்னால் போய் நின்றான். பிள்ளை மூச்சை விட்டாள், அது பெருமூச்சா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஆட்டமும் தோற்றாள். அதற்கடுத்ததும். ஒவ்வொன்றாகத் தோற்கத் தோற்க, வாரம் பூராவும் உம்மென்று இருந்த அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. நடுவில் விசில் சத்தம் பலமாகக் கேட்டது. என் நாத்தனார் பட்டனை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"போயி மாத்திர போட்டுகினு, கொஞ்ச நேரம் சாஞ்சிட்டு வா. நான் இங்கயேதான் இருப்பேன். ஆட்டம் எங்கயும் ஓடிடாது."

சொன்னபடி அங்கேயே இருந்தார். பிள்ளை மாத்திரை போட்டு, என் மடியில் சாய்ந்து, மூச்சு அடங்கி, திரும்பிப் போகும் வரை பட்டனைத் தொடாமல், பழகிப்பார்க்கக்கூட இல்லாமல், நின்றுபோன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவருடைய நியாயம்தான் போலிருக்கிறது.

மத்தியானச் சோற்றை இரண்டு பேருக்கும் உருட்டி நான்தான் வாயில் போட்டேன். குழம்பில் உப்பு கூடவா குறைவா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சாயங்காலம் தம்பி பெட்டியைக் கழற்ற வந்தான். வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து தட்டித் தட்டிப் பிள்ளைக்கு ஒரு வழி பிடிபட்டிருந்தது. தடுப்பு வருவதற்கு முன்னாலேயே தாண்டுகிறாள், விழாமல் போகிறாள். பாதி தூரம் தாண்டினதும் சிவப்பு ஒரு தலை முன்னால். என் நாத்தனார் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. கம்பெனிக்காரர்கள் வருஷம் பூராவும் நிற்க வைத்தபோதுகூட அதில் பயம் வரவில்லை. இப்போது வந்திருந்தது.

கடைசித் தடுப்பு. இரண்டு பேரும் தாண்டினார்கள். கோட்டுக்கு முன்னால் நீலம் எப்படியோ நெஞ்சை நீட்டிவிட்டது.

என் நாத்தனார் கையை உதறினார். கட்டை விரலில் கொப்புளம் எழும்பியிருந்தது.

"கொஞ்சம் ஏமாந்திருந்தா போயிருப்பேன்டி. பாவி, இன்னா ஓட்டம் ஓட வெச்சிட்ட."

பிள்ளை தன் கட்டை விரலை அந்த விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் கொப்புளம். அதை அத்தையிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, சரிதான் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் காலி சீமெண்ணெய்க் கேனோடு வந்து நின்றார். வேலை விட்டு வந்ததிலிருந்து சாமி படத்துக்குப் பின்னால், பெட்டிக்கு அடியில், அரிசி டின்னுக்குள் எல்லாம் ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருந்தேன். திருப்பிக் கொடுக்க எடுத்து வந்த கார்டு கடைக்காரத் தம்பியின் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதையும் பார்த்தார், டிவியையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். கோபத்தை எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல், பிள்ளை பக்கம் திரும்பி யார் ஜெயித்தது என்று கேட்டார்.

"அத்ததான். காத்தாலேந்து எல்லா ஆட்டமும் அத்ததான்."

பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னாள். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. அடப் பாவமே என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கடைக்காரத் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவர் ஓரமாகக் குந்தினான். இன்னொரு ஆட்டம் ஆடுங்க அக்கா, நான் இருக்கிறேன் என்றான். என் நாத்தனார் விரலை ஊதிக்கொண்டு, ரிமோட்டை எடுத்துப் பிடித்தார். பிள்ளையும் எடுத்துப் பிடித்தாள்.

"நைனா, தள்ளி நில்லு. டிவி மறைக்குது."

அவர் கேனோடு தள்ளி நின்றார்.